புரோஸ்ரேற் சத்திரசிகிச்சையும் தையலும்: எந்த முறை நல்லது?



புரோஸ்ரேற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்பட்டவர்களில் பலர், அங்கே கேட்கத் தயங்கிய கேள்விகளைப் பின்னர் எம்மிடம் கொண்டுவருகிறார்கள். "சுரப்பியை வெட்டி எடுத்தபின் அந்த இடத்தை எப்படிப் பொருத்துவார்கள்? தையல் விட்டுப்போகாதா? ரொபோ தைத்தால் சலம் கசியாதாமே, உண்மையா?" இவை நியாயமான கேள்விகள். இணையத்தில் தேடிப்பார்க்கும் பிள்ளைகளுக்கோ ஒற்றை முடிச்சு, முள் நூல் என்று பல பெயர்கள் கிடைக்கின்றன. எதை நம்புவது என்று தெரியாமல் குழம்புகிறார்கள். ஆகவே இந்த இதழில் அந்தத் தையலைப் பற்றியே விளக்கமாகப் பார்ப்போம்.

எதை எதனோடு தைக்கிறார்கள்?

முன்னிற்குஞ் சுரப்பி எனப்படும் புரோஸ்ரேற் ஆண்களுக்கு மட்டும் உள்ளது. இளவயதில் ஒரு வால்நட் கொட்டையளவு இருக்கும். சிறுநீர்ப்பைக்கு (சலப்பைக்கு) நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே செல்லும் சிறுநீர்வழி இந்தச் சுரப்பியின் நடுவாகவே போகிறது. சுரப்பிக்குச் சற்றுக் கீழே சிறுநீர்வழியைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை உண்டு. நாம் சலத்தை அடக்கி வைத்திருக்க உதவுவது பெரும்பாலும் இந்தத் தசைதான்.

புற்றுநோய்க்காகச் செய்யும் சத்திரசிகிச்சையில் சுரப்பி முழுவதும், அதனோடு ஒட்டிய விந்துப் பைகளும் எடுக்கப்படுகின்றன. சுரப்பியை எடுக்கும்போது அதனுள்ளே போகும் சிறுநீர்வழியின் பகுதியும் கூடவே போய்விடும். மேலே சிறுநீர்ப்பையின் வாய் திறந்திருக்கும். கீழே சிறுநீர்வழியின் வெட்டுமுனை நிற்கும். இவ்விரண்டையும் நேராகக் கொண்டுவந்து சுற்றிவரத் தைப்பதே நாம் பேசும் தையல்.

இது கடினமான வேலை. இடுப்பெலும்பின் ஆழத்தில், ஒடுங்கிய இடத்தில் தைக்க வேண்டும். கீழ்முனை மெல்லியது, எளிதில் கிழியும். ஊசி சுருக்குத் தசையில் அதிகம் ஏறக்கூடாது. உட்தோல் உட்தோலோடு பொருந்த வேண்டும், இழுவை இருக்கக்கூடாது, சலம் ஊறி வெளியே போகக்கூடாது. இறுக்கம் போதாவிட்டால் கசியும். இறுக்கம் மிஞ்சினால் இரத்த ஓட்டம் குறைந்து வடு உண்டாகி, பின்னர் வழி ஒடுங்கிவிடும்.

நூலும் முக்கியம். கரையாத நூல் சலத்தில் கிடந்தால் அதைச் சுற்றிக் கல் படியும். ஆகவே கரையும் நூலையே பாவிக்கிறார்கள். முற்காலத்தில் விலங்குகளின் குடலிலிருந்து செய்த நூல் இருந்தது. 1970களிலிருந்து செயற்கையாகத் தயாரிக்கும் கரையும் நூல்கள் அதன் இடத்தைப் பிடித்தன. உள்ளே உள்ள தையலை யாரும் வந்து பிரிக்கத் தேவையில்லை.

நூறாண்டுக் கதை

இந்தச் சத்திரசிகிச்சையை முறையாகத் தொடக்கியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹியூ ஹம்ப்ரன் யங். ஆண்டு 1904. அவர் விரைகளுக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியால் உள்ளே சென்றார். 1940களில் அடிவயிற்றால் செல்லும் வழியை டெரன்ஸ் மிலின் பிரபலப்படுத்தினார். 1982இல் அதே ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பற்றிக் வோல்ஷ், ஆண்குறி விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றிச் செய்யும் முறையை அறிமுகப்படுத்தினார். 1990களின் இறுதியில் பாரிஸ் நிபுணர்கள் சிறு துளைகளால் செய்யும் முறையைச் சீர்படுத்தினார்கள். 2000ஆம் ஆண்டளவில் ரொபோ வந்தது. அதைப் பெருமளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டெட்ரோயிட் நகரின் ஹென்றி போர்ட் வைத்தியசாலையில் பணியாற்றிய டொக்டர் மணி மேனன். அவர் மருத்துவம் படித்தது புதுச்சேரி ஜிப்மரில் என்பது நம்மவர்கள் அறிந்துகொள்ளக்கூடிய செய்தி.

உள்ளே போகும் வழி மாற மாற, தைக்கும் முறையும் மாறியது.

நான்கு தையல் முறைகள்

1. தனித்தனித் தையல்

பழைய முறை இதுவே. வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையில் வட்டத்தைச் சுற்றி 4 முதல் 8 வரையான தையல்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முடிச்சு இடுவார்கள். சட்டைக்குப் பொத்தான் வைப்பதுபோல ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும். ஆழத்தில் இத்தனை முடிச்சுகளையும் இடுவதற்கு நேரமும் செல்லும்.

2. தொடர் தையல்

சிறுதுளை முறையில் நீண்ட கருவிகளைப் பிடித்துக்கொண்டு பல முடிச்சுகள் இடுவது மிகச் சிரமமாக இருந்தது. இதற்கு வழி கண்டவர் பிரசல்ஸ் நகரின் வான் வெல்தோவன். 2003இல் அவர் தமது முறையை வெளியிட்டார். ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு நூல்கள், ஒன்று நிறமூட்டியது, மற்றது நிறமற்றது. இரண்டின் வால்களையும் முதலிலேயே ஒன்றாக முடிந்துகொள்வார்கள். மணிக்கூட்டின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 6 மணி இடத்தில் தொடங்கி, ஒரு நூல் இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் ஓடித் தைத்து, 12 மணி இடத்தில் சந்திக்கும். அங்கே ஒரேயொரு முடிச்சு. இழுவை வட்டம் முழுவதும் சமமாகப் பரவும். குறை என்னவென்றால், நூல் ஓரிடத்தில் தளர்ந்தால் அது முழுத் தையலையும் பாதிக்கலாம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் நூலைச் சரியான இறுக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

3. முள் நூல்

இந்த நூலின் உடலில் தூண்டில் முள்ளைப்போல நுண்ணிய முட்கள் ஒரே திசை நோக்கி இருக்கும். முன்னால் இழுக்கலாம், பின்னால் வழுக்காது. ஆகவே உதவியாளர் நூலை இழுத்துப் பிடித்திருக்கத் தேவையில்லை. முடிச்சும் அவசியமில்லை. தொடர் தையலுக்கே இதைப் பாவிக்கிறார்கள். சில நிமிடங்கள் மிச்சமாகும். ஆனால் ஒருமுறை அதிகமாக இறுக்கிவிட்டால் அதைத் தளர்த்துவது கடினம். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடக்கத்தில் முள் நூல் பாவித்தவர்களுக்கே தையல் வழிக் கசிவு கூடுதலாக இருந்தது. அதிகம் இறுக்காமல் தைக்கப் பழகியபின் அந்தப் பிரச்சினை குறைந்தது. பிந்திய ஆய்வுகளில் இரு நூல்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

4. பின்புறத் தாங்கு தையல்

இது மேற்சொன்னவற்றுக்குப் பதிலாக அல்ல, அவற்றுக்கு முன்னர் மேலதிகமாகப் போடுவது. சுரப்பியை எடுத்தபின் பின்புறத்தில் தளர்ந்து நிற்கும் இழையங்களை முதலில் சேர்த்துத் தைத்து, அதன் முன்னால் பிரதான தையலைப் போடுவார்கள். இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த ரொக்கோ 2000களில் இதைப் பிரபலப்படுத்தினார். கதீற்றர் எடுத்த முதல் நாட்களில் சலத்தை அடக்குவதற்கு இது சிறிது உதவலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஓராண்டின் பின் பார்த்தால் வேறுபாடு மிகக் குறைவு.

"கசிவு" என்ற சொல்லில் இரண்டு விடயங்கள்

இங்கேதான் நம்மவர்களுக்குப் பெரிய குழப்பம் ஏற்படுகிறது. கசிவு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகளைக் குறிக்கிறோம்.

முதலாவது, தையல் வழிக் கசிவு. பொருத்திய இடத்தால் சலம் வயிற்றுக்குள் ஊறுவது. இது முதல் நாட்களில் வருவது. கதீற்றரை மேலும் சில நாட்கள் விட்டுவைத்தால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

இரண்டாவது, அடக்க முடியாமை. தையல் நன்றாக ஆறி, கதீற்றரும் எடுத்தபின், இருமும்போதும் தும்மும்போதும் கதிரையிலிருந்து எழும்பும்போதும் சலம் சொட்டுவது. இது தையல் ஓட்டையால் வருவதல்ல. சுருக்குத் தசையும் அதைத் தாங்கும் இழையங்களும் நலிவடைந்திருப்பதால் வருவது.

தையல் முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளை இந்த வேறுபாட்டை மனதில் வைத்துப் பார்த்தால் விடயம் தெளிவாகும். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனித்தனித் தையலைவிடத் தொடர் தையலில் தைக்கும் நேரம் குறைவு, தையல் வழிக் கசிவு குறைவு, கதீற்றரும் விரைவில் எடுக்கப்படுகிறது என்று தெரியவந்தது. ஆனால் பின்னர் வழி ஒடுங்குவதிலோ, மாதங்கள் சென்றபின் சலத்தை அடக்கும் திறனிலோ இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

அதாவது, முதல் வகைக் கசிவுக்குத் தையல் முறை முக்கியம். இரண்டாம் வகைக்கு அது சிறு பங்குதான். அதற்கு வயது, உடற்பருமன், சுருக்குத் தசை சூழ்ந்த சிறுநீர்வழியின் நீளம், சத்திரசிகிச்சை நிபுணரின் அனுபவம், நோயாளி செய்யும் தசைப் பயிற்சி என்பன பெரிய காரணங்கள். விறைப்புத் தன்மையும் தையலைப் பொறுத்ததல்ல. நரம்புகளைக் காப்பாற்ற முடிந்ததா என்பதைப் பொறுத்தது.

ரொபோ தைத்தால் கசியாதா?

ரொபோ தானாகத் தைப்பதில்லை. நிபுணர் ஓரமாக அமர்ந்து இயக்க, அதன் கைகள் அசைகின்றன. ஆழத்தில் பெரிதாகக் காட்டுகிறது, மணிக்கட்டுப்போலத் திரும்புகிறது, ஆகவே தைப்பது இலகு. இரத்த இழப்பு குறைவு, விரைவில் வீடு திரும்பலாம். இன்று இங்கிலாந்தில் இந்தச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் ரொபோ மூலமே நடைபெறுகிறது.

ஆனால் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 ஆண்களை இரு பிரிவாக்கி, ரொபோ முறையையும் திறந்து செய்யும் முறையையும் ஒப்பிட்டார்கள். 2016இலும் 2018இலும் முடிவுகள் வெளிவந்தன. 12 வாரத்திலும் சரி, 2 ஆண்டிலும் சரி, சலத்தை அடக்கும் திறனிலும் பாலுறவுத் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவியின் பெயரைவிட அதை இயக்கும் கையின் பழக்கமே முக்கியம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்: தையலைக் காப்பது உங்கள் கையிலும் உண்டு

சத்திரசிகிச்சையின்பின் பொதுவாக 1 முதல் 2 வாரம் வரை கதீற்றர் இருக்கும். அது சலம் போவதற்கு மட்டுமல்ல. தையல் ஆறும்வரை உள்ளே ஒரு அச்சுப்போலவும் நிற்கிறது. ஆகவே பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

* கதீற்றர் இழுபடாமல் தொடையோடு ஒட்டிவைக்க வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பையிலும் தாழ்வாக இருக்க வேண்டும்.

* கதீற்றர் தவறி வெளியே வந்துவிட்டால் அதை நீங்களோ, வீட்டுக்கு வரும் தாதியோ திரும்பப் போட முயலக்கூடாது. உடனே சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கு அறிவியுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாலும், "புரோஸ்ரேற் எடுத்து இத்தனை நாள், உள்ளே புதுத் தையல் இருக்கிறது, சிறுநீரகவியல் வைத்தியரைக் கூப்பிடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். பழக்கமில்லாத கை கதீற்றரைத் தள்ளினால் தையல் பிரியலாம். வீட்டிலுள்ள அனைவரும் இந்த வசனத்தை அறிந்திருப்பது நல்லது.

* மலச்சிக்கல் வரவிடாதீர்கள். முக்கக்கூடாது. தண்ணீர், பழங்கள், தேவையானால் வைத்தியர் தரும் மருந்து. வைத்தியரைக் கேட்காமல் எனிமா வேண்டாம். தையலுக்குப் பின்னால் மலக்குடல் நெருங்கி இருக்கிறது.

* 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது போன்ற பாரமான வேலைகளைச் சில வாரங்களுக்கு மற்றவர்களிடம் விடுங்கள். ஆனால் படுத்தே இருக்கவும் வேண்டாம். மெதுவாக நடவுங்கள்.

* இரத்தம் உறையாதிருக்க ஊசி தந்திருந்தால் சொன்ன நாள்வரை தவறாமல் போடுங்கள்.

சலம் முற்றாக வராமல் நின்று அடிவயிறு வலித்தால், காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால், வயிறு ஊதி வாந்தி வந்தால், பெரிய இரத்தக் கட்டிகள் வந்தால் அன்றே உதவி நாடுங்கள். நெஞ்சுவலி அல்லது திடீர் மூச்சுத்திணறல் என்றால் 999.

தசைப் பயிற்சி

கதீற்றர் எடுத்த அன்று பெரும்பாலானோருக்குச் சலம் சொட்டும். இதைக் கண்டு "தையல் பிழைத்துவிட்டது" என்று மனமுடைந்துபோக வேண்டாம். தசைக்குக் காலம் தேவை. சிலருக்கு வாரங்கள், பலருக்கு மாதங்கள். ஓராண்டு வரை முன்னேற்றம் வரலாம்.

பயிற்சியைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே தொடங்குவது சிறந்தது. காற்று வெளியேறாமல் அடக்குவதுபோலவும், சலத்தை இடையில் நிறுத்துவதுபோலவும் உள்தசையை மேலே இழுங்கள். 10 செக்கன் வரை பிடித்து, பின் தளர்த்துங்கள். இப்படி 10 தடவை, நாளொன்றுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக்கூடாது, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கக்கூடாது. கதீற்றர் உள்ளே இருக்கும் நாட்களில் செய்ய வேண்டாம். எடுத்தபின் மீண்டும் தொடங்குங்கள். இருமுவதற்கும் எழும்புவதற்கும் முன்னர் ஒருமுறை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

ஓராண்டு சென்றும் குறையாவிட்டால் அதற்கும் வழி உண்டு. சிறுநீர்வழியைத் தாங்கும் நாடாவும், செயற்கைச் சுருக்குத் தசையும் பல ஆண்டுகளாகப் பாவனையில் உள்ளன.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

பிரித்தானியாவில் 1999 முதல் 2009 வரை சேர்க்கப்பட்ட 1,643 ஆண்களை வைத்து, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய்க்குக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, எந்தப் பிரிவிலும் ஏறத்தாழ 100க்கு 97 பேர் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. அதேவேளை, சத்திரசிகிச்சைப் பிரிவில் 6 மாதத்தில் 100க்கு 46 பேரும், 6 ஆண்டில் 17 பேரும் பாட் பாவித்தார்கள். அக்காலத்தில் பெரும்பாலும் திறந்து செய்யும் முறையே இருந்தது என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும். புற்றுநோயின் தன்மை வீரியமானதாக இருந்தால் தாமதிக்கக்கூடாது. ஆனால் வீரியம் குறைந்ததாக இருந்தால் யோசித்து முடிவெடுக்க நேரம் உண்டு.

ஆகவே "எந்த நூலால் தைப்பீர்கள்?" என்பதைவிட இவற்றைக் கேளுங்கள்:

* எனக்குச் சத்திரசிகிச்சை கட்டாயமா? கண்காணிப்போ கதிர்ச் சிகிச்சையோ பொருந்துமா?

* நீங்கள் ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்? (ரொபோவை ஆண்டுக்குக் குறைந்தது 150 சத்திரசிகிச்சைகள் நடக்கும் நிலையங்களில் வைக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2014இல் தந்த வழிகாட்டல்.)

* உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஓராண்டின்பின் பாட் இல்லாமல் இருக்கிறார்கள்?

* என் விடயத்தில் நரம்புகளைக் காப்பாற்ற முடியுமா?

* கதீற்றர் எத்தனை நாள்? இரவில் பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது?

நிபுணர் தனித்தனியாகத் தைப்பவராயினும் தொடர்ந்து தைப்பவராயினும், தமக்கு நன்கு பழகிய முறையில் தைப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை

சலம், பாட், தாம்பத்தியம் பற்றியெல்லாம் மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்க வைத்தால் எந்தத் தகப்பனும் வாய் திறக்கமாட்டார். "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அப்பொயின்மென்ற் கடிதம் வந்தவுடனேயே அழைத்துச் சொல்லிவையுங்கள். பிள்ளைகள் வெளியே இருந்தால் அவர் மனம்விட்டுக் கதைப்பார்.

சத்திரசிகிச்சையின் பின்னர் கோவிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை நிறுத்திக்கொண்டு, காரணம் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களை நாம் காண்கிறோம். மனைவிமார் சிலருக்கே விடயம் தெரிவதில்லை. தனியே போய்ப் பாட் வாங்கி, தனியே ஒளித்து எறிகிறார்கள். இது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல. முழங்கால் மாற்றியவர் சிலகாலம் பொல்லுப் பிடிப்பது போன்றதே இது. உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஒதுங்கினால் மெதுவாகக் கேளுங்கள், எம்மைப் போன்ற குடும்ப வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். கேட்டால்தான் உதவி கிடைக்கும்.

இங்கு 50 வயதைத் தாண்டிய ஆண் எவரும் குடும்ப வைத்தியருடன் நன்மை தீமைகளைப் பேசிவிட்டு பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையைக் கேட்கலாம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதற்கு முன்னரே வந்து கதையுங்கள்.